துருவா, பிசினா?
பழைய டைப்ரைட்டர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய தையல் மெஷின் பற்றி எழுதியதும், "எங்க வீட்டுல டைப்ரைட்டர் ஒண்ணு கிடக்குதுங்க, அதுக்கும் சொல்லுங்க" என்று கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

*

எங்க அப்பாரு வக்கீல் குமாஸ்தாவா இருந்தப்ப வாங்குன ரெமிங்டன் மெஷின். இருபது வருசமா அட்டாலியில கிடந்துச்சு. கீழ இறக்கி எல்லாக் கீயிலயும் தேங்காய் எண்ணெய் விட்டேன். அன்னிக்கு நல்லா ஓடுச்சுங்க. ஒரே வாரத்துல முன்னைவிட மோசமா இறுகிப் போச்சு. துரு உள்ள வரைக்கும் போயிடுச்சுங்களா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

துருவைவிட, நீங்கள் விட்ட எண்ணெய்மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் பார்ப்பதுதான். அதே உறைதல் மெஷின் சந்துக்குள்ளும் நடக்கிறது. போதாததற்கு, அப்பாரு காலத்தில் போட்ட மெஷின் ஆயில் காய்ந்து, பழுப்பு வார்னிஷாக உள்ளே ஒட்டியிருக்கும். புது எண்ணெய் அதை முதல் நாள் இளக்கிவிடும். அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு தானும் பிசினாகிவிடும். ஒரு நாள் ஓடி மறுபடி இறுகினால் அது பெரும்பாலும் பிசின். உள்ளே ஏறிய துரு ஒரே நாளில் அப்படி மசியாது.

விரலாலேயே சோதித்துப் பாருங்கள். கீயை அழுத்தினால் எழும்பிக் காகிதத்தில் அடிக்கும் எழுத்துக் கம்பி ஒன்றைப் பாதி உயரம் தூக்கி விடுங்கள். நல்ல கம்பி தன் எடையிலேயே பொத்தென்று விழும். பிசின் பிடித்தது வழவழவென்று நகரும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும், அல்லது தூங்கி வழிந்து இறங்கும். துரு என்றால் கரகரவென்று உரசும், அடியில் செம்பொடி உதிரும். பக்கத்துப் பக்கத்தில் ஐந்தாறு கம்பிகள் கூட்டமாக இறுகியிருந்தால், அவை கோத்திருக்கும் வளைந்த அச்சுக் கம்பியிலேயே துரு ஏறியிருக்கிறது. ஒரே ஒரு கம்பி மட்டும் மக்கர் செய்தால், வளைந்திருக்கும்; இல்லை, சந்தில் ஸ்டேப்ளர் பின் கிடக்கும்.

பிசினுக்கு மருந்து கழுவுவது மட்டுமே. பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் அரை லிட்டர் வாங்குங்கள். மருந்துக்கடையில் தேய்க்கக் கொடுக்கும் டர்பன்டைன் வேண்டாம். அது பைன் மரத்துப் பாலிலிருந்து வடிப்பது, காய்ந்தால் அதுவே பிசினாகும். மண்ணெண்ணெய் இளக்கும், ஆனால் பிசுக்கு விட்டுப்போகும். அதில் கழுவினால் கடைசியாக ஒரு தடவை டர்பன்டைனிலும் கழுவியே ஆகவேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தின்னர் பெயின்ட்டையும் கீயின் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

ரிப்பனைக் கழற்றுங்கள்; எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று முன்னதாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சைக்கிள் பம்பால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். ஈரம் படுவதற்கு முன்பே தூசி போய்விட வேண்டும், இல்லாவிட்டால் சேறாகும். மேஜைமேல் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு மெஷினை வையுங்கள். பின்பக்க அடியில் இரண்டு அங்குலக் கட்டை கொடுத்தால் கழிவு முன்பக்கமாக வடியும். பின்னால் இருக்கும் எஸ்கேப்மென்ட்டுக்குள், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் காகிதத்தை ஒரு இடம் நகரவிடும் பாகத்துக்குள், போகாது. முன்னால், கீ லீவர்கள்மேல் பனியன் வேஸ்ட்டைத் திணித்து வையுங்கள்.

எழுத்துக் கம்பிகளின் அடிப்பாகம் செருகியிருக்கும் அரைவட்டச் சீப்பு மாதிரியான இரும்புக்கு செக்மென்ட் என்று பெயர். டூத் பிரஷ்ஷை டர்பன்டைனில் தோய்த்து உதறி, சந்து ஓடும் திசையிலேயே மேலும் கீழும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பக்கத்துச் சந்துக்குப் போகும். பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒவ்வொரு கீயையும் இருபது முப்பது தடவை அழுத்துங்கள். முதலில் வடிவது டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அது தெளியும்வரை, மூன்று நான்கு சுற்றுகூட ஆகலாம், திரும்பச் செய்யுங்கள். ஹேர் டிரையரால் முதலிலேயே ஐந்து நிமிடம் செக்மென்ட்டைச் சூடாக்கிக்கொண்டால் வேலை பாதியாகும். ஆனால் டர்பன்டைன் பட்ட பிறகு டிரையர் பக்கமே போகக்கூடாது. அடுப்பு, ஊதுபத்தி எதுவும் இல்லாத திறந்த திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

காய்ந்தபின் எண்ணெய் எங்கே விடுவது என்று கேட்பீர்கள். செக்மென்ட்டில் விடவே கூடாது. எழுத்துக் கம்பி தன் எடையிலும் சிறு ஸ்பிரிங்கிலும் ஓடுவது; சந்து காய்ந்திருந்தால்தான் வேகமாக விழும். இந்தப் பக்கம் முழுக்க வரும் மெஷின்களில் பாதி, நல்லெண்ணத்தோடு விட்ட எண்ணெயால் நின்றவை.

உண்மையாகவே துரு இருந்தால் மட்டும், துரு இளக்கும் ஸ்பிரேயைச் சந்துக்கு ஒரு சொட்டு என்று ஊசி முனையால் இறக்கி, ஒரு இரவு விடுங்கள். காலையில் கம்பியின் அடிப்பக்கத்தை ஐஸ்கிரீம் குச்சியால் மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் அசையுங்கள். தலையைக் குறட்டால் பிடித்து இழுக்காதீர்கள். எழுத்து அச்சு கம்பியின் நுனியில் ஈயப்பற்று வைத்து ஒட்டியது, கையோடு வந்துவிடும். அசைந்தபின் அந்த ஸ்பிரேயையும் டர்பன்டைனால் முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும்.

*

வரி முடியற இடத்துல எல்லாக் கீயும் ஒண்ணா ஜாம் ஆயிடுதுங்க. புதுசா வாங்குன பழைய மெஷின். ஏமாந்துட்டேனுங்களா?
— வாசகி, அவிநாசி

இல்லைங்க. மணி அடித்து, அதற்குப்பின் சில எழுத்து தாண்டியதும் வலது மார்ஜின் பூட்டுகிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். மார்ஜின் ரிலீஸ் கீயை அழுத்தினால் மேலே ஓடும். வரியின் நடுவிலேயே பூட்டினால், வரியின் எல்லையைக் குறிக்கும் மார்ஜின் ஸ்டாப் இடம் மாறியிருக்கிறது, நகர்த்தி வையுங்கள்.

*

என்னோட போர்ட்டபிள் மெஷின்ல கேரேஜ் அசையவே மாட்டேங்குது. கீ அடிச்சா எழுத்து ஒரே இடத்துல விழுது. மெக்கானிக் யாரும் பொள்ளாச்சியில இப்ப கிடைக்கறதில்ல. நானே பார்க்கலாங்களா?
— வாசகர், பொள்ளாச்சி

பார்க்கலாம். கேரேஜ் என்பது ரோலரோடும் காகிதத்தோடும் இடம் வலமாக ஓடும் மேல்பாகம். கழற்றுவதற்கு முன் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

போர்ட்டபிள் என்பதால் முதலில் கேரேஜ் பூட்டைத் தேடுங்கள். பெட்டியில் வைத்துத் தூக்கும்போது கேரேஜ் ஓடாமல் இருக்க ஒரு சிறு நெம்பு இருக்கும். பெரும்பாலும் கேரேஜின் ஓரத்தில் அல்லது அடியில். அடுத்து, இரண்டு மார்ஜின் ஸ்டாப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றனவா, டேப் கீ அழுந்திய நிலையிலேயே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "அசையாத" கேரேஜ்களில் கணிசமானவை இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், கேரேஜின் ரிலீஸ் நெம்பை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கேரேஜை நன்றாகப் பிடித்தபடி நகர்த்துங்கள். பிடிக்காமல் அழுத்தினால் இடது பக்கம் பாய்ந்து மோதும்.

கையைத் தளர்த்தியதும் தானாக இடப்பக்கம் இழுத்தால், ஸ்பிரிங்கும் தண்டவாளமும் நன்றாக இருக்கின்றன, குற்றம் எஸ்கேப்மென்ட்டில். அதாவது பல்சக்கரமும், ஒவ்வொரு எழுத்துக்கும் அதை ஒரு பல் விடுகிற இரண்டு கொக்கிகளும் இருக்கும் இடத்தில். கொக்கி பிசினில் ஒட்டியிருக்கும். மெல்லிய ஓவிய பிரஷ்ஷில் இரண்டு மூன்று சொட்டு டர்பன்டைன், பிறகு ஸ்பேஸ் பாரை ஐம்பது தடவை தட்டுங்கள். இந்த இடத்தில் கொக்கியின் அச்சில் மட்டும், ஊசி முனையில் தொட்ட அளவு தையல் மெஷின் ஆயில் விடலாம். பல்லில் விடக்கூடாது. விட்டால் எழுத்து தாவித்தாவி இரண்டு இடம் நகரும்.

கையால் தள்ளினால் லேசாக ஓடுகிறது, தானாக இழுக்கவில்லை என்றால், இழுகயிறு அறுந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. மெஷினின் பின்னால் இடப்பக்கம் ஒரு வட்ட டப்பா இருக்கும், அதற்குள்தான் முறுக்கு ஸ்பிரிங். அங்கிருந்து வரும் கயிறு கேரேஜின் வலக்கோடியில் மாட்டியிருக்க வேண்டும். கயிறு உள்ளே போயிருந்தால், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து, தூண்டில் மாதிரி அடியில் விட்டு இழுங்கள். அறுந்திருந்தால் பின்னல் நைலான் தூண்டில் கயிறு சரியாக இருக்கும். ஒற்றை இழை நரம்பு முடிச்சு வழுக்கும். டப்பாவைக் கையை விட்டுச் சுழலவிட்டுவிடாதீர்கள். பட்டென்று முழுக்க அவிழும்போது ஸ்பிரிங்கின் உள்நுனி முறியும், அது முறிந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. கயிற்றை மாட்டியபின், முறுக்குத் திருகையில் ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றுவது என்பதற்குக் கணக்கு இது: கேரேஜை வரியின் கடைசிக்குக் கொண்டுபோய் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். அங்கேதான் இழுவை மிகக் குறைவு. அங்கே தயங்காமல் நகர்ந்தால் அதற்குமேல் ஒரு கிளிக்கும் வேண்டாம். அதிகம் ஏற்றினால் கேரேஜைத் திரும்பத் தள்ளும் கை வலிக்கும், எழுத்தும் தாவும்.

ரிலீஸை அழுத்தியும் கையால் தள்ளியும் அசையவில்லையென்றால்தான் தண்டவாளத்துத் துரு. கேரேஜைக் கழற்றாதீர்கள். உள்ளே சிறு எஃகு உருண்டைகள் இருக்கின்றன. உருண்டு ஓடியது ஒன்று கிடைக்காவிட்டாலும் மெஷின் போச்சு. துரு இளக்கியைத் தண்டவாளத்தின் இரு முனையிலும் விட்டு ஒரு இரவு பொறுத்து, இரண்டு பக்கமும் மாறிமாறித் தள்ளுங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் போதும். தெரிகிற தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, மறுபடி தள்ளி, மறுபக்கம் துடைத்து, அப்படியே முழு நீளமும் வந்துவிடும். முடிவில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு.

*

ஸ்க்ரூ ஒண்ணு துருப்பிடிச்சு இறுகிக் கிடக்குது. திருப்பித் திருப்பி இப்ப தலையே வழிஞ்சு போச்சுங்க.
— வாசகர், ஈரோடு

துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்க்ரூவின் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி நிற்பது அதனால்தான். முறுக்கு பலத்தால் ஆப்பைப் பிடுங்க முடியாது, பொடியாக்கித்தான் எடுக்க வேண்டும்.

தலை வழிவதற்குக் காரணம் ஸ்க்ரூ டிரைவர். கடையில் கிடைக்கும் டிரைவரின் நுனி ஆப்பு வடிவில் சாய்ந்திருக்கும். பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டுமே பிடித்து, மேலே ஏறி வழுக்கும். நுனியின் இரு முகமும் இணையாக, பள்ளத்தின் அகலமும் நீளமும் நிறையும்படி அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். பொருத்தி விட்டுவிட்டால் டிரைவர் தானாகவே நேராக நிற்க வேண்டும், அதுதான் அளவு.

துரு இளக்கி ஒரு சொட்டு, ஒரு இரவு. மறுநாள் 60 வாட் சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் இரண்டு நிமிடம் வையுங்கள். சூட்டில் ஸ்க்ரூ விரிந்து துருவை நசுக்கும். அயர்னை எடுத்து, ஆறவிட்டு, இன்னொரு சொட்டு விடுங்கள். சுருங்கிய இடைவெளி அதை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் ரப்பரோ கீயோ இருந்தால் சூடு கூடாது. பழைய கீ மூடிகளில் செல்லுலாய்டு உண்டு, அது குப்பென்று பற்றும். பிறகு டிரைவரைப் பொருத்தி, அதன் கைப்பிடித் தலையில் சின்னச் சுத்தியலால் ஐந்தாறு தட்டு. கடைசியாக, கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். டிக் என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டது, இனிமேல் கழற்றலாம். சத்தம் வரவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் ஆரம்பியுங்கள்.

உங்கள் ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே வழிந்துவிட்டதால், ஹேக்சா பிளேடின் துண்டால் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். தலை மிச்சம் இருக்கும்வரை வழி உண்டு.

*

மெஷினையே ஒரு டப் டீசல்ல முக்கி வெச்சா என்ன? வினிகர், கோலா, புளித்தண்ணின்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.
— வாசகர், தாராபுரம்

முழு மெஷினை எதிலும் முக்காதீர்கள். ரோலர் ரப்பர் ஊதிப் பிதுங்கும். கீயின் மூடிக்கு அடியில் எழுத்து அச்சடித்த காகிதம் இருக்கும், அது கறைபடும். இளகிய அழுக்கெல்லாம் எஸ்கேப்மென்ட்டில் போய்த் தங்கும்.

கழற்றி எடுத்த, பெயின்ட் இல்லாத எஃகுத் துண்டுகளுக்கு மட்டும் அமிலக் குளியல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், மளிகைக்கடை எலுமிச்சை உப்பேதான். அரை மணிக்கொரு தரம் எடுத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் துரு கறுப்பாக மாறி, பிரஷ் பட்டதும் போகும். இரவு முழுக்க விட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்ததும் அலசி, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, உடனே துடைத்துச் சூட்டில் காயவையுங்கள். "அப்புறம் துடைக்கலாம்" என்று காபி குடிக்கப் போய் வந்தால் மஞ்சள் துரு மறுபடி படர்ந்திருக்கும். காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

ஸ்பிரிங்கை எந்த அமிலத்திலும் போடக்கூடாது. அமிலம் இரும்போடு சேரும்போது வெளிவரும் ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், இழுத்தால் படக்கென்று முறியும். துத்தநாகக் கலவை வார்ப்புகளும் அமிலத்தில் குழிவிழும்.

வினிகர் வேலை செய்யும், மெதுவாக. கோலாவில் அமிலம் இருப்பது உண்மைதான், கூடவே சர்க்கரைப் பாகும் இருக்கிறதே! புளியும் உப்பும் பித்தளைக் குண்டாவுக்கு நல்லது. இரும்பில் பட்ட உப்பு, கழுவினாலும் மூலையில் தங்கித் துருவை வரவழைக்கும்.

கழற்ற முடியாத இடங்களில் மிக மெல்லிய நான்கு சைபர் எஃகுப் பஞ்சை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். செக்மென்ட்டைத் துணியால் மூடிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், உதிரும் இழை ஒன்று சந்தில் விழுந்தாலும் அடுத்த மழைக்கு அதுவே துரு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் நிக்கலைக் கீறிவிடும். குரோம் பூசிய நெம்புகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

*

தமிழ் மெஷின் ஒன்று வாங்கினேன். புள்ளிக் கீயை அடித்தால் கேரேஜ் நகரவில்லை. எவ்வளவு கழுவியும் சரியாகவில்லை. புள்ளி காகிதத்தில் ஓட்டையும் போடுகிறது.
— ஆசிரியை, கரூர்

கழுவியது வீண்போகவில்லை, ஆனால் அது கோளாறு இல்லைங்க டீச்சர். அது நகரா விசை. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்கவேண்டிய நெருக்கடியில், தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா கையாண்ட வழி அது. புள்ளி, மேல்விலங்கு (‘கி’யில் மேலே வரும் வளைவு) போன்றவற்றை முதலில் அடிக்க வேண்டும், கேரேஜ் நிற்கும், அடுத்து மெய்க்குரிய எழுத்தை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து கேரேஜ் நகரும். மற்ற விசைகள் யுனிவர்சல் பார் என்ற குறுக்குச் சட்டத்தைத் தள்ளி எஸ்கேப்மென்ட்டை விடுவிக்கும். நகரா விசை அந்தச் சட்டத்தைத் தொடாதபடி அதன் முட்டும் பாகம் குறைத்துச் செய்யப்பட்டிருக்கும்.

கோளாறு என்பது இதற்கு நேர்மாறானது: புள்ளி அடிக்கும்போது கேரேஜ் நகர்வது. அந்தச் சட்டம் பிசினில் ஒட்டி, முழுக்கத் திரும்பாமல் பாதி வழியில் நின்றால் அப்படி ஆகும். எழுத்துக் கம்பியைக் கையால் மெல்லத் தூக்கி, சட்டம் அசைகிறதா என்று உற்றுப் பாருங்கள். மெல்லத் தூக்கினால் நகரவில்லை, வேகமாக அடித்தால் மட்டும் நகர்கிறது என்றால், அதிர்ச்சியில் எஸ்கேப்மென்ட் கொக்கி விடுகிறது. அங்கே கழுவ வேண்டும்.

ஓட்டைக்குக் காரணம், முழு அடியும் ஊசித்தலை அளவு இடத்தில் இறங்குவது. ஆங்கில மெஷினில் முற்றுப்புள்ளி செய்வதும் இதேதான். காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் சேர்த்துச் செருகுங்கள், புள்ளியை இலேசாகத் தொடுங்கள். அப்படியும் ஓட்டை விழுந்தால் ரோலர் ரப்பர் கல்லாகிவிட்டது. கடைசிக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

ஞ, ணு, று போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் அப்பிப்போனால் குண்டூசியால் குத்தாதீர்கள், அச்சின் விளிம்பு சிதையும். தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவி, டர்பன்டைனில் தொட்டு நோண்டினால் மைப்பிசின் அப்படியே உருண்டையாக வெளியே வரும்.

*

திருப்பூரில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறோம். மாதாமாதம் சர்வீஸ் செய்தும் கீ எழும்பாமல் நிற்கிறது. ஊர்க் காற்றில் இருக்கும் பஞ்சுதான் காரணமா?
— பயிற்சிப் பள்ளி நடத்துபவர், திருப்பூர்

பஞ்சு மட்டும் என்றால் ஊதினால் போய்விடும். எண்ணெய் மட்டும் என்றால் ஓரளவு ஓடும். இரண்டும் சேர்ந்தால்தான் சந்தில் திரி மாதிரி திரண்டு அடைக்கும். உங்கள் சர்வீஸில் செக்மென்ட்டுக்கு எண்ணெய் விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். விட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். வழிக்கு வர அதுவே போதும். பனியன் வேஸ்ட் உங்கள் ஊரில் மலிவாகக் கிடைத்தாலும், நூல் பிரியும் வெட்டு ஓரத்தைச் செக்மென்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில், மேற்கே பார்த்த ஜன்னலோர மெஷின்கள்தான் முதலில் நிற்கும். அவற்றுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு கழுவல், மற்றவற்றுக்கு மாதம் ஒன்று. தினமும் வகுப்பு முடிந்ததும் காய்ந்த பிரஷ்ஷும் துணி உறையும் போதும். அழி ரப்பர் பயன்படுத்தும்போது கேரேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அழிக்க மாணவர்களைப் பழக்குங்கள், துகள் மெஷினுக்குள் விழாது. எண்ணெய் தண்டவாளத்துக்கும் ஒருசில அச்சுகளுக்கும் மட்டும். ஒரு மெஷினுக்கு ஆறு மாதத்துக்குப் பத்துச் சொட்டு தாராளம்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஆங்கில சீனியர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொல். சொல்லுக்கு ஐந்து தட்டு என்றால் 225, அதாவது நொடிக்கு ஏறக்குறைய நான்கு. ஒரு கம்பி கால் நொடி தாமதமாக விழுந்தாலே அடுத்த கம்பி வந்து மோதிக்கொள்ளும். "பையன் கை சரியில்லை" என்று நாம் திட்டுவதில் சில, மெஷின் வாங்க வேண்டிய திட்டு.

*

கோத்ரெஜ் பிரைமா வைத்திருக்கிறேன். உதிரி பாகம் கிடைக்குமா?
— வாசகர், நாமக்கல்

கோத்ரெஜ் 1955-இல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்து 2009-இல் நிறுத்திவிட்டது; பிரைமா அதன் கடைசி மாடல்களில் ஒன்று. புது பாகத்துக்கு அலைவதைவிட, ஓடாத இன்னொரு பிரைமாவைக் கிலோ விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது ரோலரும் ஸ்பிரிங் டப்பாவும் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற துருவெல்லாம் பரவாயில்லை.

*

ரோலர் கல் மாதிரி ஆயிடுச்சு. அடியில இருக்கற சின்ன ரோலருங்க தார் மாதிரி ஒட்டிக்கிட்டு பேப்பரே ஏறலைங்க. மழைக்காலத்துல எப்படிப் பாதுகாக்கறதுன்னும் சொல்லுங்க.
— வாசகி, மேட்டுப்பாளையம்

இரண்டும் ஒரே ரப்பர் முதுமையின் இரண்டு முகம். கெட்டியான பெரிய ரோலரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறிதும் அழுந்தாமல், அடிக்கும்போது கல்லில் தட்டிய சத்தம் வந்தால் மேல்பூச்சு செத்துவிட்டது. 220 எண் உப்புத்தாளால், ரோலரைச் சுழற்றிக்கொண்டே சீராகத் தேய்த்தால் வழுக்கல் போய்ப் பிடிப்பு வரும், ஆனால் மென்மை வராது. நிரந்தரத் தீர்வு புது ரப்பர் ஏற்றுவது. அச்சக ரோலருக்கு ரப்பர் ஏற்றும் பட்டறைகளில் கேளுங்கள். பழைய விட்டம் மாறவே கூடாது என்று எழுதியே கொடுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் எழுத்தின் தலையோ காலோ மங்கலாக விழும்.

தாராக உருகிய சின்ன ரோலர்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ரப்பரை மொத்தமாகச் சுரண்டிவிடுங்கள். அந்த ஆல்கஹால் மெஷினின் தங்க எழுத்து, கோடுகள்மேல் படக்கூடாது; பழைய மெஷின்களில் அவற்றின் மேல்பூச்சு ஷெல்லாக், கரைந்துபோகும். அச்சுத் தண்டில், அதே விட்டம் வரும்வரை சுருங்கும் குழாயை அடுக்கடுக்காகப் போட்டுச் சூடு காட்டினால் நன்றாக ஓடும். எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் ஜாயின்ட்டுக்குக் கொடுப்பார்களே, அதுதான். மெஷினில் வைத்துச் செய்யாமல், தண்டைக் கழற்றி எடுத்துச் செய்யுங்கள்.

வேலை இல்லாத நாளில் பேப்பர் ரிலீஸ் நெம்பை முன்னால் இழுத்து விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சின்ன ரோலர் பெரிய ரோலரை ஒரே இடத்தில் அழுத்தித் தட்டையாகும். பிறகு பேப்பர் நொண்டி நொண்டி ஏறும்.

மழைக்கும் பனிக்கும்: பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டாதீர்கள். மலையடிவார ஊரில் இரவு குளிர்ந்து பகலில் சூடாகும்போது உள்ளேயே வியர்க்கும். பருத்தித் துணி உறை, அதற்குள் நூறு கிராம் சிலிக்கா ஜெல் ஒரு துணிப்பையில். நீல மணி ரோஸாக மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம். அந்த நிறத்தில் கோபால்ட் இருப்பதால், அதன்பின் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. சுவரை ஒட்டி, தரையில் வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எல்லாக் கீயையும் ஒரு தரம் தட்டி, கேரேஜை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள்.